ஸ்டோரில் காய்ந்த பாட்டு

புது மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குப் போனால் தின்றுவிட்டுத் தூங்க வேண்டும். மிஞ்சிப் போனால் பேப்பர் படிக்கலாம். அதற்கு மேல் ஒரு துரும்பை நகர்த்தினாலும் வம்புதான். கல்யாணத்துக்கு முன்னால் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது எனக்குப் பழைய இசைத்தட்டுப் பைத்தியம் முற்றியிருந்தது.

எனக்கு ஊர் ராசிங்காபுரம். மக்காச்சோளமும் கடலையும் போடுகிற குடும்பம். மனைவி கவிதாவின் வீடு போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்குள். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அந்த மலை நன்றாகத் தெரியும். தெரிந்ததே தவிர, கல்யாணம் ஆகும்வரை நான் ஏறியதில்லை. (ஏறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.)

பக்கத்து எஸ்டேட்டில் பங்களாவைக் காலி செய்தபோது என் மாமனார் ஒரு தேக்குக் கட்டில் வாங்கியிருக்கிறார். கட்டிலோடு கொசுறாக ஒரு டிரங்குப் பெட்டி. எந்தக் காலத்திலோ இருந்த துரை விட்டுப்போனது. திறந்தால் கறுப்புக் கறுப்பாகத் தட்டுகள். திங்கவும் ஆகாது, உடுத்தவும் ஆகாது என்று மூடி, அதன் மேல் உரமூட்டையை அடுக்கிவிட்டார்கள்.

கவிதா பேச்சுவாக்கில் இதைச் சொன்னாள். அந்த வாரக் கடைசியிலேயே ரெக்கார்டு பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் கவிதா வாந்தி எடுத்தாள். அவளை யாரும் அணைக்கவில்லை. (எங்கள் வீட்டுச் சண்டை எதில் தொடங்கினாலும் இங்கே வந்துதான் நிற்கும்.)

பெட்டியில் பாதி உடைந்து கிடந்தது. மிச்சத்தில் பூஞ்சை. ஒரு தட்டில் மட்டும் பேர் ஒட்டிய காகிதத்தைப் பூச்சி பாதிதான் தின்றிருந்தது. துடைத்துப் போட்டேன். முதலில் வாணலியில் கடுகு பொரிகிற மாதிரிக் கீறல் சத்தம். அதற்கடியில் ஒரு கிதார். அதற்கும் அடியில் ஒரு மனிதன் பாடிக்கொண்டிருந்தான். இங்கிலீஷ்தான், ஆனால் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. கண்ணை மூடித் தலையை ஆட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. திருப்பூரில் இருக்கும் தன் தங்கை சுதாவுக்கு, "ஒன் மச்சான் கூத்தக் கேளுடி" என்று கவிதா அதைப் போனில் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நடுவில் அத்தை சாப்பிடக் கூப்பிட்ட ஞாபகம். அத்தை மருமகனிடம் நேராகப் பேச மாட்டார். சுவரைப் பார்த்துச் சொல்வார், சம்பந்தப்பட்டவர் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் வாங்கவில்லை.

சென்னையில் இருக்கும் என் நண்பன் பிரபாகருக்குப் போன் போட்டேன். கீறல் விழுந்த தட்டுகளைச் சுத்தம் செய்து, பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, உலகம் முழுக்க இருக்கிற தன் மாதிரிப் பைத்தியங்களுக்கு இணையத்தில் வைப்பவன். மிச்சமிருந்த எழுத்துகளைப் படித்துச் சொன்னேன். எழுத்தெழுத்தாக மறுபடி சொல்லச் சொன்னான்.

"டேய், இது ப்ளூஸ். இப்படி ஒரு தட்டு வந்துச்சுன்னு கேள்விதான். பாடுனது யாருன்னும் தெரியாது, காதால கேட்டவங்களும் யாரும் இல்ல. இனிமே ஊசிய அதுமேல வைக்காத. நான் வர்றேன்" என்றான்.

ப்ளூஸ் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்கள் பருத்திக்காட்டிலும் ரயிலடியிலும் பாடிய சோகப்பாட்டு என்று விளக்கினான். ஒரு வரி பாடுவார்கள். கிதார் பதில் சொல்லும். அதே வரியை மறுபடி பாடுவார்கள். மறுபடி கிதார். மூன்றாவது வரியில்தான் உள்ளே இருக்கிற வயிற்றெரிச்சல் வெளியே வரும். அவ்வளவுதான் இலக்கணம். அவன் வருவதற்குள் பூஞ்சையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, வெயில் படாமல், சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தி வைப்பது என் பொறுப்பு.

கழுவினேன். அப்படி ஒரு பக்தியோடு நான் எந்தப் பாத்திரத்தையும் கழுவியதில்லை. ஆனால் மலையில் மூடுபனி இறங்கிவிட்டது. துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி ஈரம். அப்போதுதான் தோட்டத்து வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் முருகேசண்ணன் வந்தார். பாதித் தமிழ், பாதி மலையாளம், முழுக்க மரியாதை.

"அண்ணே, இத ஸ்டோர்ல வச்சிருங்க. வெயிலு படக்கூடாது. ஈரம் சுத்தமாக் காயணும். நெறம் மாறிறக்கூடாது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தோட்டத்துக்கு ஏற்ற மாப்பிள்ளை என்று அன்று சாயங்காலம் மாமனாரிடம் என்னைப் புகழ்ந்தாராம்.

மறுநாள் காலையில் பிரபாகர் ரெண்டு பெட்டி நிறையச் சாமானோடும் மலையேறிய மயக்கத்தோடும் ஜீப்பிலிருந்து இறங்கினான். காப்பிகூடக் குடிக்கவில்லை. நேரே சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போனேன். அங்கே வெங்காயம்தான் இருந்தது.

"இவிட இல்ல சாரே, ஸ்டோர்ல" என்றார் முருகேசண்ணன்.

எங்கள் ராசிங்காபுரத்தில் ஸ்டோர் என்றால் ஓட்டை அண்டாவைப் போட்டு வைக்கிற இருட்டறை. மலையில் ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயைக் கம்பிவலைத் தட்டில் பரப்பி, அடுப்பு மூட்டி, ராப்பகலாகச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம். காய் எடுக்கிற சீசன் வேறு. வெயில் படாமல், ஈரமில்லாமல், நிறம் மாறாமல் என்று ஏலக்காய்க்குச் சொல்ல வேண்டியதை ஒரு சொல் பிசகாமல் நானே சொல்லிவிட்டிருக்கிறேன்.

கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. ஏலக்காய்க்கு நடுவே தட்டுகள் இளகி, வளைந்து, வலையின் கட்டம் கட்டமான தழும்போடு கிடந்தன. எங்கள் ப்ளூஸ் தட்டு விளிம்பெல்லாம் மேலே எழும்பி, அழகான கிண்ணம் ஆகியிருந்தது. முருகேசண்ணன் அதைப் பெருமையோடு எடுத்து நீட்டினார்.

"நெறம் கொஞ்சங்கூட மாறல, பாத்தீகளா."

பிரபாகர் ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பேரும் முகமும் தெரியாத ஒரு மனிதன், கடல் தாண்டி வந்து, இத்தனை காலம் உரமூட்டைக்கு அடியில் தாக்குப்பிடித்திருக்கிறான். ரசிகன் ஒருவன் வந்து அவனை அவித்துவிட்டான். மாமனார் என் தோளைத் தட்டி, "விடுங்க மாப்ளே, போடியில வேற வாங்கிக்கிருவோம்" என்று ஆறுதல் சொன்னார்.

மத்தியானம் சாப்பாட்டில் யாருக்கும் கை ஓடவில்லை. பிரபாகர் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கவிதாதான் அப்பளத்தைக் கடித்தபடி சாவகாசமாகச் சொன்னாள்: "அந்தப் பாட்டுத்தான வேணும்? சுதாவுக்கு அனுப்புனது என் போன்ல இருக்கே."

பிரபாகர் எச்சில் கையோடு போனைப் பிடுங்கினான். கடுகு பொரிந்தது. கிதார் வந்தது. அந்த மனிதன் முதல் வரியைப் பாடி நிறுத்தினான். கிதார் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், கணீரென்று அத்தையின் குரல்:

"மாப்பிள்ளைக்குச் சோறு ஆறுது."

அவன் அதே வரியை மறுபடி பாடினான்.

"மாப்பிள்ளைக்குச் சோறு ஆறுது."

அவன் மூன்றாவது வரியைப் பாடி முடித்தான்.

"பாட்டக் கேட்டா வகுறு நெறையுமா?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார். பிரபாகர் சிரித்த சிரிப்பில் ரசம் கவிழ்ந்தது.

சென்னைக்குப் போய் வாரக்கணக்கில் மல்லுக்கட்டினான். கடுகைப் பெரும்பாலும் எடுத்துவிட்டான். அத்தையை எடுக்க முடியவில்லை. அவரை எடுத்தால் கிதாரும் கூடவே போய்விடுகிறதாம். கடைசியில் அப்படியே ஏற்றிவிட்டான். அந்தப் பாட்டு உலகத்தில் அந்த ஒரு வடிவில்தான் இருக்கிறது. 'ஆண் குரல்: தெரியவில்லை. கூடப் பாடும் பெண்: தெரியவில்லை' என்று கீழே போட்டிருக்கிறது. (பேரைப் போடக் கூடாது என்று அத்தை சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.) அமெரிக்காவிலிருந்து ஒருவர் அந்தப் பெண் எந்த மொழியில் பாடுகிறார், என்ன துக்கம் என்று கேட்டு எழுதினார். பிரபாகர் மொழிபெயர்த்து அனுப்பினான். மூன்றாவது வரியைப் போல ஒரு ப்ளூஸ் வரியைத் தான் கேட்டதே இல்லை என்று பதில் வந்தது.

அந்தக் கிண்ணம் இப்போதும் மாமனார் வீட்டு முன்னறையில் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அதில்தான் ஏலக்காய் நீட்டுகிறார்கள். நான் சாப்பிட வரச் சுணங்கினால் யாராவது ஒருவர் அத்தையின் முதல் வரியைத் தொடங்குவார்கள். மாமனார், கவிதா, முருகேசண்ணன், இப்போது என் மகளும்கூட. மற்றவர்கள் கிதார் மாதிரி வாயால் இழுப்பார்கள். இரண்டாவது வரி முடிவதற்குள் நான் இலை முன்னால் உட்கார்ந்துவிடுவேன். மூன்றாவது வரியைப் பாட அத்தை அடுப்படி வாசலில் தயாராக நிற்பார்.