மெலடி அண்ணனின் ஒரே பாட்டு

கல்மண்டபத்திலிருந்து எர்ணாவூர் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், கானா பாட்டு பிடிக்காத ஆண்பிள்ளை ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் தெருவில் இருந்தார். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு வெல்டிங் வைப்பது அவர் தொழில். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'மெலடி'.

காதுகுத்தோ கல்யாணமோ, மேளத்தில் நாலு தட்டு விழுந்தால் எங்கள் தெருவில் முட்டிவலிக்காரருக்கும் இடுப்பு தானாக ஆடும். மெலடி அண்ணன் மட்டும் பல்வலி வந்தவர்போல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்.

"இன்னா நைனா இது, தகரத்த தட்டிகினு? பாட்டுன்னா நெஞ்சுல எறங்கணும்பா!" என்பார் என்னிடம்.

நெஞ்சில் இறங்குவதற்கென்றே சொந்தமாக ஒரு பாட்டு கட்டி வைத்திருந்தார். காதல் பாட்டு. வெல்டிங் முகமூடிக்குள் பாடிப் பாடியே கட்டியதாம்.

'கப்பலெல்லாம் கரைக்கு வருது கண்ணே, நீ ஏன் தூரமா நிக்கிற?
தூரம் ஒண்ணும் பெருசில்ல, நீ திரும்பிப் பாத்தா போதும்.'

அந்தக் 'கண்ணே'யை அவர் இழுக்க ஆரம்பித்ததும் கிளம்பினால், முனைக்கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருப்பார்.

கண்ணே என்பது அவர் மனைவி வசந்தா அக்கா. மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவர் "வஞ்சிரம்!" என்று ஒரு குரல் கொடுத்தால் பஸ் நிற்கும். அக்காவுக்குக் கானா என்றால் உயிர். எங்கேயாவது கேட்டுவிட்டால் கையில் இருக்கும் கத்தி, மீனை விட்டுவிட்டுப் பலகையில் தாளம் போடும். தனக்காகப் புருஷன் கட்டிய பாட்டைப் பற்றி அவர் சொன்ன ஒரே அபிப்பிராயம் இதுதான்:

"எழவு வூட்ல கூட இத்தவிட குஜாலா பாடுவாங்கய்யா. வந்து சோறு துன்னு."

அண்ணன் சிரித்துக்கொண்டே போய்ச் சாப்பிடுவார்.

எர்ணாவூரில் ஒரு கல்யாணம். கச்சேரிக்காரர்கள் தண்ணீர் குடிக்க இறங்கிய நேரம் பார்த்து மெலடி அண்ணன் மைக்கைப் பிடித்துவிட்டார். சட்டையைக் கழற்றி ஆடிக்கொண்டிருந்த இளவட்டங்கள் தூக்கிய கையோடு நின்றார்கள். பெண்ணின் சித்தப்பா நாற்காலியிலேயே குறட்டை விட்டார். பந்தியில் பாயசம் ஊற்றியவர் கரண்டியோடு அசையாமல் நிற்க, பெண்ணின் அம்மா மட்டும் கேவிக் கேவி அழுதார். பிறகுதான் தெரிந்தது, அழுதது பாட்டுக்காக இல்லை. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்களோ என்ற பயம்.

வெல்டிங் பட்டறை தோஸ்து ஒருவர் அந்தப் பாட்டை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார். வந்த கமென்ட்டுகளை அண்ணன் தெருவில் நின்று எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

"'தூக்கம் வராதவங்க இத்த கேளுங்க'ன்றான் பாரு. தாலாட்டு மாரி கீதாம்!"

"அண்ணே, அவன் கலாய்க்கிறாண்ணே."

"உனுக்கு பொறாம நைனா."

எங்கோ வெளிநாட்டிலிருந்து யாரோ ஓர் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். அதை எல்லோருக்கும் காட்டினார். அக்காவுக்கும் காட்டினார். அக்கா மீன் செதிலைத் துடைத்துக்கொண்டே, "பாவம், அவனுக்கு இன்னா கஷ்டமோ" என்றார். அன்றைக்கு அண்ணன் சிரிக்கவில்லை. "ஊரே கேட்டுச்சி நைனா. இவ ஒருத்தி நல்லாக்கீதுன்னு சொல்லமாட்டேன்றாளே" என்றார் என்னிடம், தணிந்த குரலில்.

அடுத்த மழைக்காலத்தில் அக்காவின் காலும் முகமும் வீங்கின. சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தன. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அண்ணன் பட்டறைக்குப் போவதை விட்டுவிட்டுக் கட்டிலடியிலேயே கிடந்தார். பஸ்ஸை நிறுத்திய அந்தக் குரல் பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காமல் தேய்ந்துபோனது.

ஒரு மத்தியானம் நான் கஞ்சி எடுத்துப் போயிருந்தேன். அக்கா கண்மூடிப் படுத்திருந்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாட ஆரம்பித்தார். 'தூரமா நிக்கிற' வரை வந்தவர் அடுத்த வரியை விட்டுவிட்டு அதற்கடுத்த வரிக்குத் தாவினார்.

"யோவ்" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "'திரும்பிப் பாத்தா போதும்'னு ஒண்ணு வருமே. அத்த எங்க வுட்ட?"

அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு அக்காவின் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"உனுக்கு மனப்பாடமாவா கீது?"

"எனக்குக் கட்ன பாட்டு எனக்குத் தெரியாம வேற எவளுக்குத் தெரியும்?"

"அப்ப நல்லாக்கீதுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேடி."

"சொல்லியிருந்தா இன்னொண்ணு கட்டியிருப்ப. தெரு தாங்குமாய்யா?"

மூன்று பேரும் சிரித்தோம். அண்ணனுக்குச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. "மொதல்லேர்ந்து பாடு" என்றார் அக்கா. சத்தம் கேட்டு அதட்ட வந்த நர்ஸம்மா வாசலிலேயே நின்று கடைசி வரி வரை கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

மெலடிக்குப் பிடிக்காதே என்று தெருவில் மேளத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மேளமில்லாத சாவை நான் பார்த்ததில்லை. அவர் தன் பாட்டைப் பாடுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். வீட்டுக்குள்ளிருந்து வந்தவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாடா சும்மா நின்னுகினு கீறீங்க? அவளுக்கு கானான்னா உசுரு. அடிங்கடா!"

அடித்தார்கள். அக்காவை ஏற்றிய பூ வண்டி நகர்ந்ததும் அதற்கு முன்னால் போய் மெலடி அண்ணன் ஆடினார். கை ஒரு பக்கம் போனது, கால் வேறு பக்கம் போனது. ஒரு அடிகூடத் தாளத்தில் விழவில்லை. முகமெல்லாம் கண்ணீர். வேறொரு நாளாக இருந்தால் தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கும். பின்னால் வந்த கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்காமல் நின்றன.

கல்மண்டபம் திருப்பத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. நிற்கச் சொன்னோம். தலையை ஆட்டிவிட்டு மறுபடி கையைத் தூக்கினார்.

எனக்கும் ஆடத் தெரியாது. செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் போய் ஆட ஆரம்பித்தேன்.