நாலு ஸ்குருவும் ஒரு சாட்சியும்

இனிமேல் தன் கையில் ஒரு நோட்டுகூடச் சாகக் கூடாது என்று கிருபாகரன் தீர்மானம் எடுத்தது ஒரு வியாழக்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு. எடுத்த கையோடு அடுப்படிக்கு வந்து அறிவிக்கவும் செய்தான். ஈவாஞ்சலினுக்கு நுரைதான் தெரிந்தது. தீர்மானம் விளங்கவில்லை.

"துப்பிட்டு வந்து சொல்லுங்க."

துப்பிவிட்டு வந்தான். "தப்பு எம்பேர்ல இல்லளா. கிட்டார் பேர்ல. அதுக்குக் கழுத்து வளைஞ்சிருக்கு."

கிருபாகரனுக்குச் சோறு போடுவது துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டு. ஆனால் அவன் உயிர் வாழ்வது முத்தையாபுரம் சபைப் பாடகர் குழுவில், கையில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு. அதிலும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைப் பாட்டில், மூணாம் சரணத்துக்கும் நாலாம் சரணத்துக்கும் நடுவே கிட்டார் மட்டும் தனியாக வாசிக்கும் ஒரு சோலோ வரும். பன்னிரண்டு விநாடி. வருசத்தில் மற்ற விநாடியெல்லாம் அவனுக்கு அந்தப் பன்னிரண்டுக்காகத்தான். போன வருசப் பண்டிகையில் அந்த சோலோவின் உச்சியில் அவன் கண்ணை மூடிக்கொண்டு கம்பியை மேலே தள்ளினான். நோட்டு ஏறியது, ஏறியது, விக்கல் வந்த மாதிரி நின்றே போனது. இந்த வருசம், தீர்மானத்துக்கு முந்தின நாள் நடந்த ஒத்திகையிலும் அதே கதை. குழுத் தலைவர் வேதமணி அண்ணாச்சி கையைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏலே கிருபா, இந்தப் பண்டிகைக்கும் அது செத்துச்சுன்னா, அடுத்த வருசம் அந்த எடத்தைக் கீபோர்டுக்குக் குடுத்துருவேன். பண்டிகை வீட்ல எழவு விழக் கூடாது, பாத்துக்கோ."

அதுதான் தீர்மானத்தின் காரணம்.

"கழுத்து வளைஞ்சா என்ன?" என்றாள் ஈவாஞ்சலின்.

கேட்டிருக்கக் கூடாது. கிருபாகரன் ஆப்பச்சட்டியை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தான்.

"இது எங்கிட்ட இருக்க கிட்டார். முதுகு தெரியுதா? இந்த முதுகு மேலதான் ஆறு கம்பி ஓடுது. குறுக்க உப்பளத்து வரப்பு மாதிரி ஃபிரெட்டு. ஓரத்துக் கம்பிய நான் மேல தள்ளுதேன். அப்ப அது என்ன செய்யணும்?"

"என்ன செய்யணும்?"

"முதுகு ஏறணும். ஏறும்போது அடுத்த வரப்புல தட்டும். தட்டுனா நோட்டு குளோஸ். இப்ப இதைப் பாரு, தட்டை." தோசைக்கல்லில் கை வைத்தான். "இதுல கடைசி வரைக்கும் தள்ளலாம், எங்கயும்..."

"அடுப்புல கெடக்குங்க அது!"

"ஆத்தீ!"

விரலைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே சொல்லி முடித்தான். "அதனால, தட்டைக் கழுத்து கிட்டாரு ஒண்ணு..."

"பரண்ல எடமில்ல."

அந்த வீட்டில் எழுதாத சட்டம் அது. பரணில் ஏற்கெனவே ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, பாதி ஊதி விட்ட புல்லாங்குழல் ரெண்டு, சாக்கு சுற்றிய ஸ்பீக்கர் ஒன்று எல்லாம் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு கிட்டார். ஈவாஞ்சலின் போட்ட சட்டம். திருத்தம் கிடையாது.

கிருபாகரன் மேற்கொண்டு பேசவில்லை. பேசாமல் இருந்தான் என்றால் யோசிக்கிறான் என்று அர்த்தம். அவன் யோசித்தால் வீட்டுக்குள் ஏதாவது பெட்டி வரும்.

பத்தே நாளில் வந்தது. ஆள் உயரப் பெட்டி. அன்றைக்கு ஈவாஞ்சலினின் பிறந்தநாள்.

"உனக்குத்தாளா," என்றான்.

கல்யாணமான ஆறு வருசத்தில் அவளுடைய பிறந்தநாளுக்கு வந்தவை: ஒரு சேலை, ஒரு ஹெல்மெட், மிக்ஸி ஜாருக்கு ஒரு மூடி. மூன்று வருசம் அவனுக்கு நினைவே வரவில்லை. பெட்டியைத் திறந்தாள். உள்ளே மயில் கழுத்து நீலத்தில் ஒரு கிட்டார், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

"எனக்கா?"

"பின்ன? உன் பிஞ்சு விரலுக்குத் தட்டைக் கழுத்துதான் சுகமா இருக்கும்னு தேடிப் புடிச்சு வாங்கினேன்."

"அப்பா கிட்டாரு!" என்றாள் மூன்று வயது மகள் ஜெப்ஸி.

"அம்மா கிட்டாரு, மக்கா. சட்டப்படி இது அம்மாவோடது. அப்பாவுக்கு ஒண்ணுதான், அம்மாவுக்கு ஒண்ணு."

ஈவாஞ்சலின் இதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்பதில்தான் அவன் கணக்கு பிசகியது. ரெண்டு நாள் பார்த்துவிட்டுச் சுவரில் மாட்டிவிடுவாள், மாட்டினால் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான். அவளோ சாத்தான்குளத்தில் பள்ளிக்கூடம் படிக்கும்போதே, மேடையில் கிட்டார் பிடித்தவர்களை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றவள். கைகழுவி, துடைத்து, நீலத்தை மடியில் வைத்து, முதலில் சட்டத்துக்கு ஒரு பிரிவைச் சேர்த்தாள்.

"எம்பொருளக் கேக்காம யாரும் தொடக் கூடாது. சரி, சொல்லித்தாங்க."

கிருபாகரன் எஃப் கார்டில் ஆரம்பித்தான். ஆட்காட்டி விரல் ஒன்றால் ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்க வேண்டிய கார்டு அது. அதோடு கிட்டாரையே விட்டுவிட்டு ஓடியவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு.

"எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்களா?"

"எல்லாரும்."

அமுக்கினாள். ஓரத்துக் கம்பிகள் பேசின. நடுவில் இருந்தவை கொசு அடித்த மாதிரி 'டப், டப்' என்றன. மூன்று நாளில் விரல் நுனி சிவந்தது, மணிக்கட்டு கடுத்தது.

"கஷ்டப்படாதளா," என்றான் கிருபாகரன் பாசம் பொங்க. "செவுத்துல மாட்டிருவோம். தூசி கீசி படியாம நான் அப்பப்ப எடுத்துப் பாத்துக்கிடுதேன்."

பாசம் கொஞ்சம் கூடுதலாகப் பொங்கிவிட்டது. ஈவாஞ்சலின் அவனை ஒரு நிமிசம் பார்த்தாள். பிறகு வெங்காயம் உரிக்கப் போனாள்.

மறுநாள் மத்தியானம் ஜெப்ஸி தூங்கியதும் அவனுடைய பழைய கிட்டாரை எடுத்தாள். சிவப்பு பெயின்ட் பாதி உரிந்து, சொறி பிடித்த மாதிரி இருக்கும். ஆட்காட்டி விரலை வைத்தாள். அதே எஃப். ஆறு கம்பியும் ஒன்றாகப் பேசின. அவளுக்கே நம்பிக்கையில்லாமல் மறுபடி தட்டினாள். மறுபடி பேசின.

நேராகக் காம்பவுண்டுச் சுவருக்குப் போனாள். அந்தப் பக்கம் ரோச். புன்னைக்காயல்காரர். கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிப்பவர், ஊரில் உடைந்த வாத்தியமெல்லாம் அவரிடம்தான் வரும்.

"ரோச் அண்ணே, நல்ல கிட்டாரு வலிக்கி, சொறி கிட்டாரு வலிக்கல. என்ன சங்கதி?"

ரோச் சிரித்தார். "தங்கச்சி, விரலை நீட்டிப் படுக்க வச்சுப் பாரு. அது நேராவா இருக்கு? லேசா வளைஞ்சுதான இருக்கு. வளைஞ்ச பலகை அதுக்குத் தோதா வந்து உக்காரும். கார்டு பிடிக்கிற ஆளுக்கு அதுதான் சொகம். சின்னக் கைன்னா இன்னும் சொகம்."

"அப்ப தட்டை யாருக்குண்ணே?"

"சோலோ வாசிச்சுக் கம்பியத் தள்ளுத ஆளுக்கு."

ஈவாஞ்சலினுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. 'எனக்கு வேணும்ளா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பரணில் இருந்த தபேலாவை இறக்கி இடம் பண்ணிக் கொடுத்திருப்பாள். போகட்டும், வாயைத் திறந்து சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கேட்டாள்.

"நெசமாச் சொல்லுங்க, அது யாருக்கு வாங்குனிய?"

"உனக்குத்தான்."

"சத்தியமா?"

"சத்தியம் பண்ணுத வழக்கம் நம்ம சபைல இல்லளா. ரசம் ஊத்து."

பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை. வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னான்.

"நாளைக்கு உன் கிட்டாரை நான் ஆலயத்துக்கு எடுத்துட்டுப் போறேன். புதுசுல்லா? ஆண்டவர் சமுகத்துல ஒரு பாட்டு வாசிச்சாத்தான் உனக்கு ஆசீர்வாதம்."

"எனக்கா ஆசீர்வாதம்?"

"உனக்குத்தான்."

"எடுத்துட்டுப் போங்க."

அவன் பைக் தெருமுனை திரும்பியதும் ரெண்டு கிட்டாரையும் தூக்கிக்கொண்டு ரோச் வீட்டுக்குப் போனாள். கையில் தையல் மிஷின் ஸ்குரு டிரைவர்.

"அண்ணே, இந்தக் கழுத்தைக் கழட்டி அதுலயும், அந்தக் கழுத்தைக் கழட்டி இதுலயும் மாட்ட முடியுமா?"

ரோச் ரெண்டையும் திருப்பிப் பார்த்தார். அளந்தார். "ஒரே அச்சுத்தான். பின்னால நாலு ஸ்குரு. கம்பிய அவுத்தாக் கழுத்து கையோட வரும். ஆனா கிருபா கண்டுபிடிச்சிருவானே?"

"கண்ணுக்கு நேரா இருக்க உப்பு ஜாடியக் காணோம்னு கத்துத மனுசன் அண்ணே."

நாலு ஸ்குருவையும் அவளே கழற்றினாள், அவளே முடுக்கினாள். கம்பி கட்டி, உயரம் சரி பண்ணி, சுருதி சேர்த்தது ரோச். பழைய கழுத்தின் அழுக்கைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் அதுவும் புதுசு மாதிரி ஆனது. இப்போது நீல உடம்பில் வளைந்த கழுத்து. சொறி உடம்பில் தட்டைக் கழுத்து. அவனுக்கு வேண்டியது தட்டை. அது அவனுக்குக் கிடைத்துவிட்டது. அவளுக்குத் தந்தது நீலம். அது அவளிடமே இருக்கிறது. நாளைக்கு அவனைப் பழசை எடுக்க வைத்தால் போதும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

சாயங்காலம் கிருபாகரன் வந்து முகம்கூடக் கழுவவில்லை. "சுருதி சரியா இருக்கான்னு பாக்கேன்" என்று நீலத்தை எடுத்தான். கண்ணை மூடினான். கம்பியைத் தள்ளினான்.

செத்தது.

மறுபடி தள்ளினான். மறுபடியும் செத்தது. நாலாவது தடவைக்குப் பிறகு கிட்டாரை மெல்லக் கட்டிலில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"இதுலயும் சாவுதுளா. அப்ப தப்பு கிட்டார்ல இல்ல. எங்கையிலதான்."

அந்த முகத்தைப் பார்க்க ஈவாஞ்சலினுக்குத் தாங்கவில்லை. உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடைசியாக ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க. அது யாருக்கு வாங்குனிய?"

கிருபாகரன் மூக்கை உறிஞ்சினான். "உனக்குத்தான்."

நாக்கு நுனிக்கு வந்தது வந்த வழியே திரும்பிப் போனது. "அப்ப பழசையே கொண்டு போங்க," என்று எழுந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பி வெளியே பந்தல்வரை ஆள். மூணாம் சரணம் முடிந்தது. கிருபாகரன் தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி ஒரு அடி முன்னால் வந்தான். வேதமணி அண்ணாச்சி கீபோர்டுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் ஈவாஞ்சலின் மடியில் இருந்த ஜெப்ஸியை இறுக்கிப் பிடித்தாள். மூடியிருந்த கண்ணுக்குள் அவன் என்ன பார்த்தானோ, கம்பியைத் தள்ளினான்.

ஏறியது. முதுகு இல்லை, வரப்பு இல்லை, தட்டவில்லை. கூரையைத் தொட்டு, ஜன்னல் வழியே வெளியே போய், பந்தலில் அசன விருந்துக்குக் கறி கிண்டிக்கொண்டிருந்தவர்களே கரண்டியை நிறுத்தும்படி நின்று பாடியது அந்த நோட்டு. அண்ணாச்சி அடுத்த சரணத்துக்குக் கை காட்டவே மறந்துவிட்டார். ஈவாஞ்சலினுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு அழகாக வாசிக்கிறவனா இத்தனை நாள் அடுப்படியில் ஆப்பச்சட்டியோடு நின்றான்!

அங்கேயே முடிந்திருந்தால் நல்லது. ஆனால் பாஸ்டரையா, "சாட்சி சொல்ல விருப்பமுள்ளவங்க வரலாம்" என்றார். கிருபாகரன் மைக்கைப் பிடித்துவிட்டான்.

"சகோதரங்களே! நேத்து சாயங்காலம் வரைக்கும் எனக்கு வரல. தட்டைக் கழுத்து வச்ச புதுக் கிட்டார்லயும் வரல! மனசு ஒடஞ்சு, இந்த வளைஞ்ச கழுத்துப் பழைய கிட்டாரோட வந்தேன். ஆண்டவர் ஒரே நாள்ல இதோட கழுத்தை நிமுத்திட்டாரு! இது அற்புதம்!"

சபை உருகியது. ஈவாஞ்சலின் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த வயசான அம்மா ஒருத்தி, "அழாத மக்கா" என்று முதுகைத் தடவினாள்.

பாஸ்டரையா கிட்டாரைத் தொட்டுப் பார்த்தார். "அற்புதம் நடந்த இந்தக் கருவி இனிமே ஒரு வீட்டுக்குச் சொந்தமா இருக்கலாமா? இது இந்த ஆலயத்துலயே சாட்சியா இருக்கட்டும். சபையார் என்ன சொல்லுதீங்க?"

ஊரே "ஆமென்" என்றது. கிருபாகரன் வாயும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

அசனப் பந்தலில் இலை போட்டதும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேதமணி அண்ணாச்சி தாண்டிப் போகும்போது தோளில் ஒரு தட்டு தட்டினார். "சோலோ உனக்குத்தாம்லே. எந்தக் கீபோர்டுகாரன் கேட்டாலும் தர மாட்டேன். இனி கூட நின்னு கார்டு பிடிக்க ஒரு ஆளு மட்டும் பாக்கணும்."

"நான் பிடிக்கேன் அண்ணாச்சி," என்றாள் ஈவாஞ்சலின். "எஃப் வரைக்கும் வருது."

அண்ணாச்சி சந்தோசமாகப் போய்விட்டார். கிருபாகரன் குனிந்து ரகசியம் பேசினான். "ஏளா, பழசு ஆலயத்துக்குப் போயிட்டு. வீட்டுப் பழக்கத்துக்கு இனி உன் தட்டைக் கழுத்துதான்."

"எங்கிட்ட ஏது தட்டை? வளைஞ்சதுல்லா இருக்கு."

"நீலம் தட்டைளா."

"நேத்து மத்தியானம் வரைக்கும்." சோற்றைப் பிசைந்துகொண்டே நாலு ஸ்குருவையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் கையிலிருந்த உருண்டை இலையில் விழுந்தது.

"அப்ப நான் மைக்குல சொன்னது?"

"நல்லாத்தான் சொன்னிய."

"இரு, பாஸ்டரையாகிட்ட உண்மையச் சொல்லிக் கிட்டாரை வாங்கியாறேன்."

"போங்க. அப்படியே புதுசு எதுக்கு வாங்குனிய, யாருக்குன்னு சொல்லி வாங்குனியன்னும் கேப்பாவ."

பாதி எழுந்தவன் உட்கார்ந்தான். குழம்பு வந்தது, ஊற்றிக்கொண்டான். ரெண்டு கவளம் தின்றதும் முகம் மெல்லத் தெளிந்தது.

"யோசிச்சுப் பாத்தா இதுவும் ஆண்டவர் செயல்தாளா. உன் கையை வச்சு நடத்திருக்காரு."

"நானும் அதைத்தான் நெனச்சேன். நீலம் எனக்குத்தான்னு அவரே முடிவு பண்ணிட்டாரு, பாத்தியளா."