எண்ணெய்த் தலையில் மின்சாரம் ஏறாது

நடந்தது இவ்வளவுதான்:

1. காகிதத் துண்டுகள் சீப்பில் ஒட்ட வேண்டும். ஒட்டின. காரணம்தான் தப்பு.
2. மின்னணுப் பலகையை வெறுங்கையால் தொடக்கூடாது என்று ஒரு ஹால் நிறையப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.
3. தொட்டேன்.
4. பலகை செத்தது.

மற்றதெல்லாம் விவரம். விவரத்தில்தான் என் அத்தை வருகிறாள்.

கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராக இருந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, உரசலில் உண்டாகும் நிலைமின்சாரம் பற்றி ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். மேலாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனிப்பார். பலகையைத் தொடுமுன் மணிக்கட்டில் கைப்பட்டை மாட்ட வேண்டும், உடம்பில் சேர்ந்த மின்சாரம் அதன் வயர் வழியே தரைக்கு இறங்கிவிடும் என்பதுதான் பாடம். அதைப் புரியவைத்தால் போதும், வேலை எனக்கு.

அன்றைக்கென்று பளபளக்கும் சிந்தெடிக் சேலை கட்டியிருந்தேன். அது தெரிய வேண்டும் என்பதற்காக, நிலைமின்சாரத்தைத் தடுக்கக் கட்டாயம் போட வேண்டிய பருத்திக் கோட்டைக் கழற்றி வைத்தேன். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

முன்வரிசையில், விக்கிரமசிங்கபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய புது ஆட்களோடு, என் அப்பாவின் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவளும் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"அத்தை, இங்கன என்னைய மேடம்னு கூப்பிடுங்க."

"சரிட்டி."

முதலில் செய்முறை. உலர்ந்த தலைமுடியில் பிளாஸ்டிக் சீப்பை வாரினால் முடியிலிருக்கும் எலக்ட்ரான்கள் சீப்புக்குத் தாவும். அந்தச் சீப்பு காகிதத் துண்டுகளை இழுக்கும். அத்தை தானாக எழுந்து வந்து பலமாக வாரினாள். சீப்பைக் காகிதத்துக்கு மேலே பிடித்தேன். ஒன்றும் அசையவில்லை.

"கிட்ட வைக்கணும்ட்டி," என்று அத்தை சீப்பைப் பிடுங்கிக் காகிதத்தின் மேலேயே அழுத்தினாள். அத்தனையும் அப்பிக்கொண்டன. ஹால் கைதட்டியது.

"இது மின்சாரம் இல்ல, அத்தை. தேங்காய் எண்ணெய்."

"ஒட்டுச்சா இல்லியா? எதுல ஒட்டுனா என்ன?"

"எண்ணெய் வைக்காத தலை யாருக்காவது இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டேன்.

"எண்ணெய் வைக்காம எழவு வீட்டுக்குத்தான் போவாவ," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "முத நா வேலைக்கு அப்படி வருவாங்களா மேடம்?"

கேள்வி நியாயமானது. என் பின்னலைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் அம்மா வழிய வழியத் தேய்த்துவிட்டிருந்தாள். மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்த வகுப்பு. அதில் எண்ணெய் என்ற சொல்லே கிடையாது.

பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்து, நெளிந்து நெளிந்து அடுத்ததை யோசித்தேன். ஏ.சி. இயந்திரம் ஹால் காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது; காற்று உலர உலர மின்சாரம் எளிதில் சேரும்.

"செய்முறை போகட்டும்மா," என்றார் மேலாளர். "கைப்பட்டை எதுக்குன்னு சொல்லுங்க."

விருட்டென்று எழுந்தேன். சேலையும் நாற்காலியும் உரசி, சீப்பில் நடக்காதது என் உடம்பில் நடந்து முடிந்திருந்தது. மேசையில் மாதிரிப் பலகை ஒன்று பச்சை விளக்கு எரிய இருந்தது. "வெறுங்கையால இதைத் தொடவே கூடாது. இப்படித் தொட்டா..." என்று விரலை நீட்டினேன். தொடுவது போலக் காட்டுவதுதான் திட்டம்.

டப் என்றது. விரல் நுனி சுரீர் என்றது. பச்சை விளக்கு அணைந்தது. பிறகு எரியவேயில்லை.

அத்தை கேட்டாள்: "ஏட்டி மேடம், இதைத்தான தொடக்கூடாதுன்னு சொன்ன?"

சிரிப்பு அடங்கவே வெகுநேரமானது. அடங்கியதும் எல்லோரும், யாரும் சொல்லாமலே, கைப்பட்டை எடுக்க வரிசையில் நின்றார்கள். மேலாளர் வெளியே போகும்போது, "பாடம் போய்ச் சேர்ந்துடுச்சு," என்றார். என் பயிற்சிக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டித்துவிட்டுத்தான் போனார்.

அத்தை இதை வளைகாப்பு, காதுகுத்து என்று ஒரு வீட்டு விசேஷம் விடாமல் சொல்லிவிட்டாள். இப்போது சொந்தக்காரர்கள் யாரும் என் கையிலிருந்து நேராகக் காபி வாங்குவதில்லை. முதலில் சன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் டம்ளரைப் பிடிக்கிறார்கள். கம்பி மரச் சட்டத்தில் இருக்கிறது, அது வழியே மின்சாரம் தரைக்கு இறங்காது என்று சொல்லிப் பார்த்தேன். "நீ தொடாம இரி, அது போதும்," என்கிறாள் அத்தை.

இன்றைய நிலவரம்: வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்த வகுப்பை நான்தான் எடுக்கிறேன். கோட்டைக் கழற்றுவதில்லை. செத்த பலகை ஹால் சுவரில் தொங்குகிறது. அது எப்படிச் செத்தது என்று புது ஆட்களுக்குச் சொல்லும் பொறுப்பு அத்தையுடையது.