தக்க துணையோடு வருக

சந்தேகம் வந்தால் கேட்டுத் தெளிவுபெறும் வழக்கம் எனக்கில்லை. கேட்டால் எதிரில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று இன்னொரு சந்தேகம் வந்துவிடும். (இதை எழுதலாமா என்பதிலும் சந்தேகம்தான்.)

அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். நகரப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகம் சனிக்கிழமைதோறும் பயிற்சி நடத்தியது. விரிவுரையாளர் எங்கள் பள்ளிக்கே வருவார். முடிவில் அவர் முன்னிலையில் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வீட்டோடு இருக்கவேண்டியதுதான்.

கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு வகுப்புக்குப் போகவில்லை. அடுத்த வகுப்பில் விரிவுரையாளர் தம் செந்தமிழில் அறிவித்தார்: "வரும் சனிக்கிழமை மாதிரிப் பாடம். அனைவரும் தக்க துணையோடு வாருங்கள். துணையில்லாமல் நடத்தினால் மதிப்பெண் கிடையாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆசிரியைகள் பாடம் நடத்தும் அழகை வீட்டுக்காரர்களும் பார்க்கட்டும் என்ற நல்லெண்ணம் போலும் என்று நானே முடிவுகட்டினேன். இருந்தாலும் மனம் கேட்கவில்லை. பக்கத்து வகுப்பு ஜமீலா அக்காவிடம் நைசாக விசாரித்தேன்.

"உங்க துணை ரெடியாக்கா?"

"ரெடி லா. தூசி தட்டி மூலையில நிறுத்தி வச்சிருக்கேன். ஒரு காலுதான் ஆடுது."

கட்டிய கணவரைப் பற்றி இப்படியா பேசுவது? ஆனாலும் அந்த மனிதரை நினைத்துப் பாவமாக இருந்தது. மூட்டில் தைலம் தடவச் சொன்னேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

என் கணவர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. லீவு போட்டுவிட்டு வர வேண்டும் என்றதும், வந்து என்ன செய்வது என்று கேட்டார். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று உறுதி கொடுத்தேன்.

சனிக்கிழமை வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, இடுப்பில் மகள் என்று மாப்பிள்ளை மிடுக்கோடு வந்தார். வகுப்பறைக்குள் நுழைந்தேன். ஒருவர் கையில் அட்டைக் கடிகாரம். இன்னொருவர் கையில் படச்சுருள். ஜமீலா அக்காவின் பக்கத்தில், ஒரு கால் ஆடிக்கொண்டிருந்த மரக்குதிரை.

பாடத்துக்குத் துணையான கருவி! போகாத வகுப்பில் நடந்தது அந்தப் பாடம்தான்.

"உங்கள் துணை எங்கே அம்மா?" என்றார் விரிவுரையாளர்.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மதிப்பெண் போய்விடுமே என்ற பயத்தில், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்த கணவரைக் காட்டினேன். "அவர்தான் சார்."

என் கணவர் எழுந்து வணக்கம் சொன்னார். விரிவுரையாளர் மீசையைத் தடவினார். பிறகு பாடம் என்னவென்று கேட்டார்.

"முன், பின், மேல், கீழ் சார்."

"நல்லது. துணையைப் பயன்படுத்துங்கள்."

ஜமீலா அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். முன்வரிசையில், மாதிரிப் பாடத்துக்கென்று வரவழைத்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்திருந்தார்கள். கணவர் என்னைப் பார்த்தார்; நான் தரையைப் பார்த்தேன்.

"என்னங்க, நாற்காலிக்குப் பின்னால நில்லுங்க."

நின்றார். பிள்ளைகள் "பின்னால்" என்றார்கள். ஏறச் சொன்னேன். ஏறினார். "மேலே." அடுத்தது கீழே. மேசைக்கு அடியில் போகவேண்டும். அன்று காலை நானே கஞ்சி போட்டுத் தேய்த்த கால்சட்டை. நான் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினேன்.

அவரே டையைத் தளர்த்தினார். "இதுவும் பாடத்துல இருக்கா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத் தவழ்ந்து உள்ளே போனார். அப்பா போவதைக் கண்ட மகள் அக்காவின் பிடியிலிருந்து நழுவித் தானும் உள்ளே புகுந்துகொண்டாள். யாரும் கேட்காமலே ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர் வீட்டு ஐயா மேசைக்குக் கீழே இருக்கிறார். பாப்பா ஐயாவுக்கு முன்னால் இருக்கிறாள்" என்று முழு வாக்கியமாகச் சொன்னாள். விரிவுரையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் தேறிவிட்டேன். "துணை மிகப் பொருத்தம். பிற பள்ளிகளுக்கு இரவல் தர இயலாது என்பதே குறை" என்றார் அவர். அதன் பிறகு பயிற்சியில் 'துணைக்கருவி' என்றே முழுதாகச் சொன்னாராம். "உயிரற்றது" என்றும் சேர்த்துக்கொண்டாராம்.

சில வருஷம் கழித்து மகள் பள்ளியில் சேர்ந்தாள். அப்பாவுக்கு என்ன வேலை என்று அவளுடைய டீச்சர் கேட்டிருக்கிறார்.

"கிராணி. ஆனா அம்மா கூப்பிட்டா மேசைக்குக் கீழ."