கொடியில் காய்ந்த முத்திரைகள்

பாந்தர்ஜோ ஊராட்சித் தலைவரும், வீட்டு முறையில் என் மனைவி லாஸ்மியின் மூத்த அண்ணனுமான மாஸ் ஹர்தோயோ அவர்களுக்கு, மூன்றாவது தெருவின் தெருத்தலைவர் தார்சோனோ மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் அண்ணியாரும் பிள்ளைகளும், புதிதாக வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்ட இரண்டு ஆடுகளும் சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே நானும், தங்கள் தங்கை மகள் கானிஸும், பூனையும் நலம். பூனையின் முதுகில் மட்டும் இன்னும் கொஞ்சம் ஊதா நிறம் இருக்கிறது, தேய்க்கத் தேய்க்கப் போய்க்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து நேரில் விளக்கம் தர வேண்டும் என்று தாங்கள் அனுப்பிய உத்தரவு நேற்றுக் கிடைத்தது. நேரில் வந்தால் தங்கள் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன், அது என் பிறவிக் குணம், தங்களுக்கே தெரியும். ஆகவே எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை எங்கள் தெருவிலிருந்து ஒரே நாளில் தங்கள் மேசைக்கு வந்து சேர்ந்த பதினொரு தாள்களிலும் உள்ள முத்திரை அசல்தான். அதைக் குத்திய கைதான் வேறு. அந்தக் கைக்கு வயது இரண்டே கால். எனவே பதினொன்றும் செல்லாது என்று அறிவித்து என் பதவியைக் காப்பாற்றித் தர வேண்டும். ஒன்பது வருடமாக நான் தெருத்தலைவர். பள்ளிக்கூடத்தில் என்னை வகுப்புத் தலைவனாகக்கூட யாரும் நிறுத்தியதில்லை. யாராவது "தலைவரே" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வருகிறது. அது போய்விடும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். குழந்தைகள் நல மையத்தில் தொண்டு செய்கிற லாஸ்மி போன திங்கட்கிழமை பத்து நாள் பயிற்சிக்காக செமாராங் போனாள். கானிஸ் கையில் கைபேசியைக் கொடுக்கவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, மையத்தில் தந்த தாள் ஒன்றை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். செலவில்லாமல் வீட்டுச் சாமான்களைக் கொண்டே குழந்தைக்கு விளையாட்டாகக் கற்பிக்கப் பத்து வழிகள், நாளுக்கு ஒன்று. "என்னங்க, சும்மா டிக் அடிச்சு வெச்சிடாதீங்க. செஞ்சு பாருங்க. நீங்க தெருவுக்குத்தான் தலைவரு, எனக்கில்ல" என்றாள்.

முதல் நாள், செவ்வாய், பிரித்து அடுக்குதல். பச்சைப்பயறையும் நிலக்கடலையையும் ஒரு தட்டில் கலந்து வைத்து, இரண்டு கிண்ணம் கொடுத்தேன். குழந்தை நல்ல பொறுமைசாலி, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. கடலை எல்லாம் கிண்ணத்துக்குப் போயிருந்தது. பயறு கிண்ணம் காலியாக இருந்தது, பயறு மூக்குக்குள் இருந்தது. தூக்கிக்கொண்டு மருத்துவச்சி வீட்டுக்கு ஓடினேன், ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. அங்கே போனதும் கானிஸ் ஒரு தும்மல் போட்டாள், பயறு மருத்துவச்சியின் பதிவேட்டில் வந்து விழுந்தது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "கடலை ஒரு இடம், பயறு ஒரு இடம். அவ சரியாத்தான பிரிச்சிருக்கா தலைவரே, நீங்க ஏன் அழறீங்க?" என்றார். நான் அழவில்லை, வியர்வை. இரண்டாம் நாள், ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுதல். அன்றைக்குப் பார்த்துக் கொசுப்புழு சோதிக்கச் சுகாதார ஊழியர் வந்தார். முறைப்படி கூடத்தில் உட்காரவைத்து, மூடி போட்ட கண்ணாடிக் குவளையில் டீ வைத்துவிட்டுக் கொல்லைத் தொட்டியைக் காட்டக் கூட்டிப்போனேன். திரும்பி வந்தபோது குவளை காலி. குடித்துவிட்டுத்தான் எழுந்தார் போலும் என்று நினைத்தேன். அவர் வாசலில் காலணியை மாட்டினார், ஒரு கணம் நின்றார், முகத்தில் ஒன்றும் காட்டாமல், "டீ ரொம்ப இனிப்பு தலைவரே, சந்தோஷம், வரேன்" என்று சொல்லிவிட்டுச் சளக் சளக் என்று நடந்துபோனார். நம் ஊரின் மரியாதையை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள்தான் வியாழக்கிழமை. அச்சுக் குத்துதல். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ, நட்சத்திரப் பழத்தை வெட்டினால் நட்சத்திரம், டிராகன் பழத்தைப் பிழிந்தால் ஊதாச் சாயம், சிமெண்டு மூட்டையைக் கிழித்தால் காகிதம். காலையில் ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டோம். மாஸ் அண்ணா, சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கே கை நிற்கவில்லை, நானே நாற்பது பூக் குத்தினேன். கானிஸோ பத்து நிமிடத்தில் வெண்டைக்காயைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தூரப் போட்டாள். அவளுக்கு இது பழைய சங்கதி. நான் தினமும் சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து கடிதங்களுக்கு முத்திரை வைக்கும்போது மடியில் இருப்பவள் அவள்தான். என் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, டொக்" என்பாள். அவள் கணக்கில் இரண்டுக்கு அடுத்தது டொக். நான் எண் கற்றுக்கொடுக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், தொழிலையே கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

நான் சமையலறையில் இன்னும் வெண்டைக்காய் நறுக்கப் போனேன். கூடத்தில் சத்தமே இல்லை. குழந்தை ஒரு வேலையில் மூழ்கியிருந்தால் குறுக்கிட வேண்டாம் என்று தாளில் ஐந்தாவது வரியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் குறுக்கிடவில்லை. அரை மணி நேரம் எந்த மனிதனும் ஒரு விதியை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்க மாட்டான். திரும்பி வந்தால் பூனை ஊதா, நாலு முட்டை ஊதா, என் மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லையிலும் வட்டமாக ஊதா, தரை முழுக்க ஊதா அச்சு விழுந்த காகிதம். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாம் புகைதான். டிராகன் பழச் சாயம் என்றே நினைத்தேன். "அடி என் தங்கமே, இத்தனையும் நீயா போட்டே!" என்று கொஞ்சி, எல்லாவற்றையும் பொறுக்கி, வாசல் பக்கத்துத் துணிக்கொடியில் கிளிப் போட்டு வரிசையாக நானே மாட்டினேன். பிறகு அவளைக் குளிப்பாட்ட உள்ளே போய்விட்டேன்.

அவள் மேசைவிரிப்பை இழுத்து, அதன்மேல் இருந்த தெருமுத்திரையையும் ஊதா மைப்பெட்டியையும் எடுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்த விரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்பதை இப்போது தங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு ஒருவரிடமும் "முடியாது" என்று சொல்ல வராது. "முடியும்" என்று சொன்னால் இன்னொருவர் வருத்தப்படுவார். அதனால் சிக்கலான கடிதம் வந்தால் "அதுக்கென்ன, நாளைக்கு வாங்க" என்று சொல்லி விரிப்புக்கு அடியில் வைத்துவிடுவேன். பாக் ஜெமிரோ ஐயா எங்கள் சந்தில் நாற்பது வாத்து வளர்க்க அனுமதி கேட்டது. இபு சுகினி அம்மா தன் மகன் சுன்னத்துக்கு மூன்று நாள் தெருவை அடைத்து மேடை போட்டு, ஜன்னல் அதிரும் ஒலிபெருக்கி வைக்கக் கேட்டது. எழுபத்தொரு வயது துக்கிரான் ஐயா, விதவை இபு வார்த்தியைக் கல்யாணம் செய்துகொள்ளத் தெருத்தலைவர் தர வேண்டிய அறிமுகக் கடிதம் கேட்டது, அது ஏழு மாதமாக. வார்த்தியின் மகன்கள் இருவரும் என்னிடம் வந்து, "கொஞ்சம் இழுத்தடிங்க தலைவரே, பெரியவருக்கே மறந்துடும்" என்று சொல்லியிருந்தார்கள். துக்கிரான் ஐயா ஒவ்வொரு செவ்வாயும் வருவார், டீ குடிப்பார், தன் சேவலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்துபோவார். நானும் சேவலைப் பற்றியே பேசி அனுப்புவேன். அப்புறம் பதினோராவது தாள். மேலே போகிற எந்தக் கடிதத்திலும் தெருத்தலைவரின் முத்திரை வேண்டும் என்பதால் அதையும் என்னிடமே கொண்டுவந்தார் சுகினி, ஒரு தட்டு வாழைப்பழ பஜ்ஜியோடு. "தலைவரே, இதுல உங்களைப் பத்திக் கொஞ்சம் எழுதியிருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க. முத்திரை வெச்சுக் குடுத்தீங்கன்னா மேல அனுப்பிடுவோம்." எதற்கும் முத்திரை வைக்காத தெருத்தலைவரை மாற்ற வேண்டும் என்று இருபத்தேழு வீட்டார் கையெழுத்திட்ட மனு. "அதுக்கென்ன இபு, நாளைக்கு வாங்க" என்றேன். பஜ்ஜி நன்றாக இருந்தது.

ஆக வியாழக்கிழமை காலை தெருவில் போனவர்கள் எல்லாரும் அவரவர் தாள் எங்கள் கொடியில் ஆடுவதைப் பார்த்து, கிளிப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு, நேராகத் தங்கள் அலுவலகத்துக்கு நடந்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரத் தலையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் ஜெமிரோ என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். "தலைவரே, பார்த்தேன், கொடியில பார்த்தேன்! மனசு நெறஞ்சு போச்சு!" கானிஸின் கைவண்ணத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "நான் என்ன செஞ்சேன், எல்லாம் குழந்தை வேலைதானே" என்றேன். அவர் பக்கத்தில் நின்ற சுகினியிடம், "பாரு, குழந்தை மேல போட்டுட்டு எவ்ளோ அடக்கமா பேசறாரு! இவரைப் போயி மாத்தணும்னு எழுதுனமே" என்றார். சுகினி, "எழுதுனதுக்கும் முத்திரை வெச்சுட்டாரே, மனுசன்னா இவருல்ல மனுசன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எதற்கு அழுகிறார் என்று விளங்காவிட்டாலும் நானும் தலையாட்டி வைத்தேன். ஒரு சீப்பு வாழைப்பழம், சோயாவில் செய்த தெம்பே வறுவல், வாத்து முட்டை ஆறு என்று சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தது. ஒன்பது வருடத்தில் எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. நேற்றுத் தங்கள் ஆள் உத்தரவோடு வந்த பிறகுதான் கண்ணாடியைக் கழுவி மாட்டிக்கொண்டு விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கடித்த வெண்டைக்காய் ஒன்றுதான் இருந்தது.

ஆகவே மாஸ், இரண்டே கால் வயதுக் குழந்தையின் கை வைத்தது சட்டப்படி முத்திரை ஆகாது என்று ஒரு வரி எழுதிப் பதினொன்றையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். முக்கியமாகப் பதினோராவதை. மற்றவர்களை நான் எப்படியாவது சமாதானப்படுத்திக்கொள்கிறேன். லாஸ்மி காதுக்கு இது போக வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணியாருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, ஆடுகளுக்கு நல்ல புல் கிடைக்கட்டும். தங்கள் நிழலில் என்றும் ஒதுங்கி நிற்கும்,

தார்சோனோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது துக்கிரான் ஐயா வந்தார். இஸ்திரி போட்ட பாத்திக் சட்டை, கையில் ஒரு கூடை மங்குஸ்தான். வாசலுக்கு வெளியே இபு வார்த்தி குடையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வர வெட்கப்பட்டு நின்றார். ஐயா இன்றைக்குச் சேவலைப் பற்றிப் பேசவில்லை. "ஏழு மாசமா நீங்க அந்தப் பயலுங்ககிட்ட என் பக்கம் பேசிப் பேசி, சமயம் பார்த்துத்தான் வெச்சுக் குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. அதான் நான் ஒரு நாளும் நச்சரிக்கல. அந்த மனுவுல நானும் கையெழுத்துப் போட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க. திங்கக்கிழமை ஊராட்சித் தலைவர் ஐயாகிட்ட நானே போயி என் பேரை அடிச்சுடறேன்" என்றார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசிவிட்டது. நான் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை, மாஸ்.

ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துவிடுங்கள். பதினொரு தாளிலும் முத்திரை வைத்தது நானே, தெளிவான புத்தியோடு, ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து. ஒன்று செல்லும் என்றால் பதினொன்றும் செல்ல வேண்டும், பதினோராவதும்தான். துக்கிரான் ஐயா பெயரை அடிக்க வந்தால் விடாதீர்கள், அவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். லாஸ்மியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். கல்யாணம் அடுத்த வியாழன், என்னைச் சாட்சியாக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், நிற்கிறேன். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து மட்டும் இருப்பதற்குப் பொறுத்தருள வேண்டும். முத்திரையைக் கானிஸ் இறுகப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள், எடுத்தால் எழுந்துவிடுவாள்.