உள்ளறைச் சுவரும் ஒரு ஆடி மாதமும்

புதிதாகக் கல்யாணமான ஆண்பிள்ளையை ஆடி மாதம் தனியாக விடக் கூடாது. பெண்ணை மட்டும் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். விடப்பட்ட மாப்பிள்ளை அந்த ஒரு மாதத்தில் என்னென்ன செய்துவைப்பான் என்று யாரும் யோசிப்பதில்லை. நான் சுவர் பூசினேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. தென்காசியில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை எனக்கு. ஒரு பழைய வீட்டை மலிவான வாடகைக்குப் பிடித்திருந்தேன். ஏன் மலிவு என்று கேட்கத் தோன்றவில்லை. (மாப்பிள்ளை முறுக்கில் இருந்தவனுக்கு அதெல்லாம் தோன்றுமா?) உள்ளறைச் சுவரில் காரை உப்பி, வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. என் மனைவி செண்பகத்தை ஆடிக்கு அழைத்துப் போக வடகரையிலிருந்து வந்த மாமனார் அதை விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே சரசரவென்று மணல் இறங்கியது. அவர் கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருந்தது.

“மாப்ளே, இந்த ரூம்பு எனக்குச் சரியாப் படல. ஆவணி பொறந்ததும் பிள்ளையக் கூட்டிட்டு வருவேன். சுவரு இப்படியே நின்னுச்சுன்னா, அதே வண்டியில திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்” என்றார்.

சொன்னால் செய்கிற மனிதர். செண்பகம் என்னையே பார்த்தபடி மாட்டு வண்டியில் ஏறினாள். அந்தப் பார்வைக்கு நான் கோட்டையே கட்டியிருப்பேன்.

கொத்தனார் ஒருவரைத் தேடிப் போனேன். ஆடியில் வீட்டு வேலையைத் தொடுவதில்லை என்று கையை விரித்தார். எந்த வீடு என்று கேட்டார். சொன்னதும் அவர் முகம் மாறியது.

“அந்த உள்ளறையா? முன்னாடி நானே பூசியிருக்கேன் தம்பி. நிக்கலியே.”

“ஏன் நிக்கலை?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? பொழுது சாஞ்ச பொறவு அங்கன நிக்க மாட்டேன், அவ்வளவுதான்.”

சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுக் குழைக்க வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் கறந்துகொண்டு வந்தேன். எவ்வளவு விட வேண்டும் என்று கேட்கவில்லை. கொஞ்சம் கருப்பட்டிக்கே காரை பிடிக்கும் என்றால், நிறையப் போட்டால் பேரன் காலம்வரை நிற்காதா? அதிரசத்துக்குக் காய்ச்சுவதுபோல் கெட்டிப் பாகாகவே காய்ச்சினேன். உப்பிய காரையைத் தட்டி எடுத்தபோது உள்ளே செங்கல் சில்லென்று வியர்த்திருந்தது. ஏதோ மூடிக்கிடந்த வாயைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை. அவசர அவசரமாகப் பூசி மூடினேன். கடைசியில், பளபளப்பு வரட்டும் என்று மிச்சப் பாகை இரண்டு உள்ளங்கையிலும் எடுத்து அங்கங்கே அழுத்தித் தடவினேன்.

குற்றாலத்துச் சாரல் அந்த வருஷம் தென்காசியைவிட்டு நகரவே இல்லை. சுவர் காயவில்லை. காய்வதற்குப் பதில் அழுதது. கருஞ்சிவப்பாகத் துளி துளியாகப் பூத்து, மெதுவாக வழிந்து, தரையில் சொட்டியது. கடையிலிருந்து திரும்பினால் அறைக்குள் யாரோ அப்போதுதான் பேச்சை நிறுத்தியது போல இருக்கும். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்று, “அண்ணாச்சி, ஆவணி வரைக்கும் பொறுத்துக்கிடுங்க” என்று சுவரிடம் மரியாதையாகவே கேட்டுக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் அரிக்கேன் விளக்கோடு எட்டிப் பார்த்தேன். சுவரில் கைகள் இருந்தன. கன்னங்கரேலென்று, விரல் விரித்த கைகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் லேசாக அசைந்தன.

கதவை இழுத்துப் பூட்டி, பூட்டுக்கும் சேர்த்துத் திருநீறு பூசினேன். ஆவணி பிறக்கும்வரை கடையிலேயே துணிமூட்டைகளுக்கு நடுவில் படுத்தேன்.

மாமனார் சொன்னபடி வந்து இறங்கினார், செண்பகத்தோடு. விளக்கு வைக்கிற நேரம், தூறல் வேறு.

“அந்த ரூம்பு பூட்டியே கிடக்கட்டும் மாமா” என்றேன். சாவியை மடியில் செருகிக்கொண்டேன்.

அவர் சாவியைப் பிடுங்கித் திறந்தார். விளக்கைத் தூக்கிப் பிடித்தார். “எந்தப் பய இங்கன மையப் பூசினான்?” என்று கேட்டுக்கொண்டே போய், ஒரு கறுப்புக் கையின்மேல் தன் கையை அளவு பார்ப்பதுபோலப் பதித்தார்.

“புடிச்சிட்டுலே! என் கையப் புடிச்சிட்டுலே!”

உதறி இழுத்த இழுப்பில் நான் பூசிய காரை மொத்தமும் பொத்தென்று அவர்மேலேயே விழுந்தது. நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? நான் அப்போது தெருமுனையில் இருந்தேன். (வீரத்தைப் பற்றி மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.)

திரும்பி வந்தபோது செண்பகம் ஒரு காரைத் துண்டை முகர்ந்துகொண்டிருந்தாள். “கருப்பட்டிப்பா. கையெல்லாம் கட்டெறும்பு” என்றவள், என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாகு தடவிய உள்ளங்கைத் தடங்களில்தான் எறும்பு அப்பியிருந்திருக்கிறது.

மாமனார் தலையில் சுண்ணாம்பும் வேட்டியில் எறும்புமாக உட்கார்ந்திருந்தார். “ஏ மாப்ளே, சுவரு பூசச் சொன்னா பணியாரமா சுட்டு வச்சிருக்கிய?” என்றார். அதற்குமேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மகளைத் திருப்பி அழைத்துப் போனால் ஊரில் காரணம் சொல்ல வேண்டும். எறும்புக்கு அலறினேன் என்று எந்த மனிதர் சொல்வார்? சொறிந்துகொண்டே வண்டி ஏறினார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் செண்பகம் மெதுவாகக் கேட்டாள். “நீங்க எதுல ஏறி நின்னு பூசினிய?”

“எதுல ஏற? உப்பின இடமே என் நெஞ்சு உயரந்தானே.”

“அப்ப உத்தரத்துக்கு அடியில ஒரு கை இருக்கே. அது இன்னும் விழலை.”

நான் போய்ப் பார்க்கவில்லை.

“அப்பா இருக்கையில கேட்டா என்னைய விட்டுட்டுப் போவாவளா? அதான் வாய மூடிட்டு இருந்தேன்” என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். அன்றைக்கு அவள்மேல் வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

மறு வாரமே வேறு வீடு பார்த்துப் போய்விட்டோம். இப்போதும் பரணிலிருந்து எதையாவது எடுக்க நான் முக்காலி தேடினால், பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள்: “அப்பா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? அந்த மேல் கையக் கூப்பிடுங்க!”

எல்லோரும் சிரிப்பார்கள். செண்பகமும் சிரிப்பாள், ஆனால் முதலில் ஒரு தடவை உத்தரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான்.