சம்பந்தி சேலை வாய் திறந்த நாள்

எனக்குச் சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, முட்டி வலி உண்டு. எல்லாவற்றுக்கும் கிளினிக்கில் மாத்திரை தருகிறார்கள். வாய்க்கு மட்டும் இன்னும் எவனும் மாத்திரை கண்டுபிடிக்கவில்லை. (கண்டுபுடிச்சா என் மருமவதான் மொத ஆளா வாங்கி என் சோத்துல கலப்பா.)

அந்த வாயால் நான் பட்ட பெரிய அவமானம், என் பேத்தி ஜெனி வைத்த துணிக் கண்காட்சியில் நடந்தது.

ஜெனி என் மகனின் பெண். படித்தவள். ஊசி நூலை வைத்துக்கொண்டு உலகத்தைத் திருத்தப் போகிறேன் என்று கிளம்பியவள், முதலில் டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தாள். உள்ளே அடுக்கடுக்காகச் சேலைகள். எல்லாம் பிளாஸ்டிக் கவரோடு.

"பாட்டி, இதெல்லாம் எப்ப கட்டுவீங்க?"

"கட்டவா வச்சிருக்கேன்? குடுக்கறதுக்குலா!"

பிள்ளைக்கு விளங்கவில்லை. நான்தான் விளக்கினேன். கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை, வீடு குடிபோவது, எதுவானாலும் சொந்தக்காரப் பெண்களுக்குத் தட்டில் சேலை வைத்துக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவள் "ஐயோ, எவ்ளோ அழகு!" என்று சொல்ல வேண்டும். ஆனால் கவரைப் பிரிக்கவே கூடாது. பிரித்துவிட்டால் அது நம் தலையில் நின்றுவிடும். பிரிக்காவிட்டால் அடுத்த வீட்டு விசேஷத்துக்குத் தள்ளிவிடலாம்.

ஜெனி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "பாட்டி, சாயம் போட்ட தண்ணிய எல்லாம் ஏதோ ஒரு ஊர் ஆத்துலதான் விடுறாங்க. கட்டாத சேலைக்காக ஒரு ஆறு சாவுது. இந்த பாலியஸ்டரு மண்ணுல மக்கவும் மக்காது. நீங்க போனதுக்கப்புறமும் இருக்கும்."

"அப்ப நம்ம குடும்பத்துலயே ஆயுசு கெட்டி, உங்க அம்மாச்சி குடுத்த சேலைக்குத்தான்."

அம்மாச்சி என்றால் அவள் அம்மாவைப் பெற்றவள், என் சம்பந்தி. சுங்கை பாக்காப்பில் இருக்கிறார். ஒரு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. சாமியார் வந்து அவர் வீட்டை மந்திரித்த அன்று, ஆட்டுக்கறியை மென்றுகொண்டே, "ஆடு இன்னும் உசுரோட இருக்குற மாதிரில இருக்கு" என்று சொல்லிவிட்டேன். பந்தியே சிரித்தது. அவர் அடுப்படிக்குப் போய் அழுதார்.

ஜெனி சேலைகளைக் கேட்டாள், கொடுத்தேன். ஒவ்வொன்றைப் பற்றியும் பேசச் சொன்னாள். போனை நீட்டி, "ரெக்கார்டு பண்றேன், பாட்டி" என்றாள். வீட்டில் போட்டுக் கேட்டுச் சிரிக்கத்தான் என்று நினைத்து, தாராளமாகப் பேசினேன். (பேசுனேன்னு மரியாதைக்குச் சொல்றேன். கிழிச்சேன்.)

கண்காட்சி டவுனில் ஒரு பழைய கடைவீட்டில். கிளம்பும்போது மருமகள் பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, இன்னிக்கு எங்கம்மா வராங்க. ஒரு வருசமா நம்ம வாசப்படிய மிதிக்கல. நல்லா ரெண்டு வார்த்த பேசி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவள் திட்டித்தான் பார்த்திருக்கிறேன். கண் கலங்கிப் பார்த்ததில்லை. இன்று வாயைத் திறக்கவே மாட்டேன் என்று மாதாவுக்கு வேண்டிக்கொண்டு காடியில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் கூரையிலிருந்து தரை வரைக்கும் ஓர் ஆறு தொங்கியது. என் சேலைகளைக் கிழித்து, பின்னி, தைத்திருந்தாள். மேலே வெள்ளையும் நீலமும். கீழே வர வர ஊதா, செம்பு, கடைசியில் தார் மாதிரி கறுப்பு. ரவிக்கைத் துண்டில் செய்த மீன்கள் சட்டைப் பொத்தான் கண்ணோடு வாயைப் பிளந்து கிடந்தன.

அப்போது ஒரு பெண், ஒரு துண்டுக்குள் தைத்து வைத்திருந்த பட்டனை விரலால் அழுத்தினாள். ஆற்றுக்குள்ளிருந்து என் குரல் வந்தது: "இது சேலையா, ஜன்னலுக்குப் போடற திரையா?"

"அடியே ஜெனி!"

"பயப்படாதீங்க பாட்டி, பேரையெல்லாம் வெட்டிட்டேன்."

பேரை வெட்டி என்ன செய்ய? தான் கொடுத்த சேலையை ஒரு பெண் கிழிசலில் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். சொந்தக்காரிகள் எல்லாம் அங்கேதான் காரிபாப் தின்றுகொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் என் சம்பந்தி.

அவர் கொடுத்த பச்சைச் சேலை சரியாக நடுவில் இருந்தது. நான் ஓடினேன். (முட்டி வலி எங்க போச்சுன்னு கேக்காதீங்க.) அதன் முன்னால் போய் நின்று, இருக்கிற உடம்பை எல்லாம் பரப்பி மறைத்துக்கொண்டு, "வாங்க சம்பந்தியம்மா" என்று பல்லைக் காட்டினேன். நன்றாக மறைக்க வேண்டும் என்று பின்னால் சாய்ந்தேன் பாருங்கள், முதுகு பட்டனை அழுத்திவிட்டது.

"ஐயே, இது என்னா கலரு! கங்கோங் கீரைய பிரிட்ஜில மறந்து வச்ச மாதிரி! வாங்குனவங்க கண்ணுல பூ விழுந்துருச்சா? இதக் கட்டிட்டுக் கோயிலுக்குப் போனா மாதாவே கண்ண மூடிக்கும்!"

சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். என் வாய் மூடியிருந்தது. "வாயத் தொறக்காமலே திட்டப் படிச்சிட்டீங்களா?"

நகரலாம் என்று அசைந்தேன். மறுபடி அழுந்தி, மறுபடி கங்கோங். பிலோமினா சுவரோரமாகப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பந்தி என்னை ஒதுக்கிவிட்டு, துணியின் கரையைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் குடுத்ததுதானே?"

தலையை ஆட்டினேன்.

"கங்கோங்காம்! நான் மாட்டுச் சாணின்னுல சொன்னேன்!" என்றார் சம்பந்தி. "நான் என்ன காசு குடுத்தா வாங்குனேன்? ஒங்க நாத்தனா ரெஜினா எனக்கு வச்சுக் குடுத்தது."

ரெஜினா வாயில் இருந்த காரிபாப்பை விழுங்கிவிட்டுக் கத்தினாள். "அலாமா! எனக்குக் குடுத்ததே அண்ணிதான்! நான் வீடு குடிபோனப்ப!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் மெல்ல ஞாபகம் வந்தது. மலிவு விற்பனை, தள்ளுமுள்ளு, கைக்கு அகப்பட்டதை நிறம்கூடப் பார்க்காமல் அள்ளிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம். கண்ணில் பூ விழுந்தவள் நான்தான்.

"பாட்டி," என்றாள் ஜெனி, "ஒருத்தரும் ஒரு தடவ கூட கட்டாமலே இது மூணு வீட்டு அலமாரியச் சுத்திட்டு வந்திருக்கு."

"நான் கூட இவ்ளோ ஊர் சுத்தல" என்றேன்.

முதலில் சிரித்தது சம்பந்திதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஜெனி, போனக் கொண்டா. ஒங்க பாட்டி எனக்குக் குடுத்த சேல எல்லாம் வீட்ல கெடக்கு. ஒவ்வொண்ணுக்கும் நான் பேசறேன், புடிச்சுக்க."

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், பேசிப் பேசி ராத்திரி அங்கேயே தங்கிவிட்டார். பிலோமினா தேத்தண்ணி கலக்கிக்கொண்டே அழுதாள், சிரித்தாள். எது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறு இப்போது நீளமாகிவிட்டது. கோயில் மண்டபத்தில் தொங்குகிறது. பூசைக்கு வரும் பெண்கள் பிரிக்காத கவர்களைக் கொண்டுவந்து ஜெனியிடம் கொடுத்து, தங்கள் வயிற்றெரிச்சலையும் பதிவு செய்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் குடும்பத்தில் சேலை வைத்துக் கொடுப்பது நின்றே போனது. இப்போது தொட்டியில் கருவேப்பிலைக் கன்று கொடுக்கிறோம். (அதையும் ரெஜினா அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டுட்டா. போகட்டும், அது ஆத்தக் கெடுக்கல.)

சம்பந்தி வரும் ஞாயிறுகளில் இருவரும் சேர்ந்தே பூசைக்குப் போகிறோம். நடுவில் சாமியார், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொல்லும்போது மற்றவர்கள் எல்லாம் கும்பிட்டுக்கொள்வார்கள். சம்பந்தி மட்டும் என் முதுகில் ஒரு விரலை வைத்து அழுத்துவார்.

நானும் சாமியாருக்குக் கேட்காத குரலில் ஆரம்பிப்பேன்: "ஐயே, இது என்னா கலரு!"